எழுபது நாள் பயிர்: உளுந்தில் எங்கே கோட்டை விடுகிறோம்?

பர்மாவின் யாங்கோன் துறைமுகத்தில் கப்பலேறும் உளுந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்துசேரும்போது டன்னுக்கு எத்தனை டாலர் என்பதைப் பருப்பு வியாபாரிகள் அன்றாடம் விசாரித்துத் தெரிந்துகொள்கிறார்கள். சென்னையின் மொத்தக் கடைகளும் விருதுநகரின் பருப்பு ஆலைகளும் அந்த விலையை மனத்தில் வைத்தே பேரத்தைத் தொடங்குகின்றன. திருவாரூரிலோ விழுப்புரத்திலோ களத்துமேட்டுக்கு வரும் தரகர் சொல்லும் விலைக்கும் அதுவே மூலம். உளுந்தை விளைவித்தவர் அந்தக் கப்பலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அவருடைய எழுபது நாள் உழைப்புக்கு விலை வைப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

உளுந்து இல்லாமல் சென்னைக்குப் பொழுது விடிவதில்லை. வீட்டு இட்லி, ஓட்டல் வடை, தெருமுனையில் பாக்கெட்டில் விற்கும் மாவு என்று எல்லாவற்றுக்கும் அது வேண்டும். துவரையின் கதையும் இதுதான். ரேஷன் கடையில் கிலோ 30 ரூபாய்க்குக் கொடுக்கும் துவரம்பருப்புக்காகத் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் டெண்டர் விட்டு வாங்குகிறது. நம் மாநிலத்தில் விளையும் துவரை அந்தத் தேவைக்குக் காணாது.

உளுந்தும் துவரையும் அடங்கிய பயறு வகைகளை உலகிலேயே அதிகமாக விளைவிக்கும் நாடு இந்தியா. அதிகம் உண்பதும் அதிகம் இறக்குமதி செய்வதும் இந்தியாதான். 2024-25இல் மட்டும் 60 லட்சம் டன்னுக்கு மேல் வெளிநாட்டுப் பயறு வந்து இறங்கியது. 1951இல் ஓர் இந்தியருக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 கிராம் பயறு கிடைத்தது. அரை நூற்றாண்டு கழித்து அது 35 கிராமுக்கும் கீழே இறங்கியது. பிறகுதான் கொஞ்சம் ஏறியது. இந்தப் பின்னணியில், 2025 அக்டோபரில் மத்திய அரசு 11,440 கோடி ரூபாய் ஒதுக்கிப் பயறுத் தற்சார்பு இயக்கத்தை அறிவித்தது. 2030-31க்குள் ஆண்டு உற்பத்தியை 350 லட்சம் டன்னுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது இலக்கு.

இவ்வளவு பெரிய இலக்கைப் பரப்பைக் கூட்டி மட்டும் எட்ட முடியாது. இருக்கிற நிலத்தில் ஏக்கருக்குக் கிடைப்பது கூட வேண்டும். நாட்டின் சராசரிப் பயறு விளைச்சல் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 9 குவிண்டால். ஏக்கர் கணக்கில் சொன்னால் நூறு கிலோ மூட்டையில் மூன்றரைதான். தமிழ்நாட்டு உளுந்து வயல்கள் பலவற்றில் அதுகூட வருவதில்லை. இரண்டு மூட்டை கண்டாலே நிம்மதி என்று போய்விடுகிறவர்கள் அதிகம். இத்தனைக்கும் நல்ல ரகங்கள் இருக்கின்றன. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் பயறுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் நடக்கிறது. ஏக்கருக்கு நான்கு மூட்டை எடுத்த விவசாயிகளும் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார்கள்.

அப்படியானால் தடுப்பது எது? பயறை நாம் ஒரு பயிராகவே நடத்துவதில்லை என்பதுதான் என் எண்ணம். பசுமைப் புரட்சிக்குப் பின் பாசனமும் உரமும் கடனும் கொள்முதலும் நெல்லுக்கும் கோதுமைக்கும் போயின. பயறு மானாவாரி மேட்டு நிலத்துக்கும், நெல் அறுத்த தரிசுக்கும் தள்ளப்பட்டது. 'தெளித்துவிட்டு வந்தால் தானாக விளையும்' என்ற எண்ணம் அப்போது ஊன்றியது. ஆனால் உளுந்து 65 முதல் 75 நாளில் முடிந்துவிடுகிற பயிர். நூற்றிமுப்பது நாள் சம்பா நெல்லில் ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் சரிக்கட்டலாம். உளுந்தில் தவறவிட்ட வாரம் போனது போனதுதான். விதைக்கிற நாள், இருபத்தைந்தாம் நாள், பூக்கிற நாள், காயவைக்கிற நாள் என்று நாலைந்து இடங்களில்தான் இதன் வருமானம் தீர்மானமாகிறது.

செடிகளை எண்ணிப் பாருங்கள்

எந்த உரம், எந்த மருந்து என்று கேட்பதற்கு முன்னால் வயலில் எத்தனை செடி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். உளுந்தை வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்று விதைத்தால் ஒரு சதுர மீட்டரில் 33 செடிகள் நிற்கும். ஏக்கருக்கு ஏறத்தாழ 1,33,000. ஆயிரம் உளுந்தின் எடை சுமார் 40 கிராம் என்று கொண்டால், ஏக்கருக்குப் பரிந்துரைக்கப்படும் 8 கிலோ விதையில் 2 லட்சம் விதைகள் இருக்கும். சான்று பெற்ற விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 75 விழுக்காடு. அப்படிப் பார்த்தால் ஒன்றரை லட்சம் முளைக்கும். எறும்பு தூக்கியது, பறவை கொத்தியது போக, வேண்டிய எண்ணிக்கை நிற்கும்.

கடையில் வாங்கிய உளுந்தையோ, வண்டு துளைத்த பழைய இருப்பையோ விதைக்கிறவருக்குப் பாதிதான் முளைக்கிறது. ஒரு லட்சம் செடிகூடத் தேறாது. நெல் என்றால் இடைவெளி விட்ட இடத்தில் பக்கத்துக் குத்து தூர் கட்டி ஓரளவு நிரப்பிவிடும். உளுந்து தூர் கட்டாது. காலியான இடம் அறுவடைவரை காலிதான்; அங்கே களைதான் வளரும். ஆக, விதைத்த பத்தாவது நாளிலேயே விளைச்சலில் கால் பங்கு போய்விட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் அந்தக் கால் பங்கு திரும்பாது.

இதைத் தடுக்க ஒரு ஈரச் சாக்கு போதும். நூறு விதையை எண்ணி, நனைத்த கோணிச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி நிழலில் வைத்தால், நாலைந்து நாளில் எத்தனை முளைத்தது என்று விரித்துப் பார்த்து எண்ணிவிடலாம். எழுபத்தைந்துக்குக் கீழே இருந்தால் வேறு விதை தேட வேண்டும், வழியில்லாவிட்டால் விதையளவைக் கூட்ட வேண்டும். விதை வாங்கும்போது மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய்தான் இந்தப் பயிரில் ஆகப் பெரிய நட்டம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ரகத் தேர்வும் இங்கேயே முடிவாக வேண்டும். மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் வம்பன் 8, வம்பன் 11 போன்றவை பட்டத்துக்கு ஏற்ப உளுந்தில் கிடைக்கின்றன. நெல் தரிசுக்கு ஆடுதுறை 3 நெடுநாள் பழக்கமான ரகம். பச்சைப்பயறில் கோ 8 ஏறக்குறைய ஒரே சமயத்தில் முதிர்வதால், மூன்று முறை ஆள் விட்டுக் காய் பறிக்கும் கூலி மிச்சமாகிறது. ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் அது சிறிய சலுகையில்லை.

நெல் அறுத்த வயலில்

சென்னையிலிருந்து கிளம்பித் திருவள்ளூர், செங்கல்பட்டு தாண்டி டெல்டாவரை போனால் தை, மாசியில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சம்பா அறுத்த வயலில் உழவில்லாமல், பாசனமில்லாமல், மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் மட்டும் நம்பி உளுந்தும் பச்சைப்பயறும் நிற்கும். இதற்குப் பெயர் நெல் தரிசுப் பயறு. உழவுக் கூலி இல்லை, தண்ணீர்ச் செலவு இல்லை. நெல்லில் விட்டதைப் பயறில் பிடிக்கலாம் என்பது டெல்டா விவசாயிகளின் பழைய கணக்கு.

இதன் உயிர் மெழுகு பதத்தில் இருக்கிறது. நெல் அறுவடைக்கு ஐந்து முதல் பத்து நாள் முன்னதாக, வயலில் தண்ணீர் நிற்காமல், காலில் மண் மெழுகுபோல மிதிபடும் ஈரத்தில், நிற்கிற நெல்லுக்குள்ளேயே விதையைத் தெளிக்க வேண்டும். ஒரு வாரம் முந்தினால் விதை சேற்றில் அழுகும். ஒரு வாரம் பிந்தினால் மண் இறுகி முளை மேலே வராது. ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோவரை விதையைக் கூட்டிப் போடச் சொல்வதும் இந்த இழப்பை எதிர்பார்த்துத்தான்.

கை அரிவாள் இருந்த காலத்தில் இந்த முறை பிசகில்லாமல் நடந்தது. கதிர் அறுக்கும் இயந்திரம் வந்தபின் சிக்கல் ஆனது. அறுக்க வரும் நேரத்தில் உளுந்து இரண்டிலை விட்டு நிற்கும். செயின் வண்டி ஏறிய தடமெல்லாம் முளை நசுங்கும். இயந்திரம் கொட்டிவிட்டுப் போகும் வைக்கோல் மீதமுள்ள முளைகளை மூடிவிடும். இதனால் பலர் அறுவடை முடிந்தபின் விதைக்கத் தொடங்கினார்கள். அப்போது ஈரம் போதவில்லை. வேறு சிலர் பயறே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். டெல்டாவில் தரிசுப் பயறு பின்வாங்கியதற்கு விவசாயியின் அலட்சியத்தைக் காரணம் காட்டுவது நியாயமில்லை. ஆள் பற்றாக்குறை இயந்திரத்தைக் கொண்டுவந்தது. இயந்திரத்துக்கு ஏற்ற விதைப்பு முறையை நாம் அவர் கையில் கொண்டுசேர்க்கவில்லை.

வழி இல்லாமல் இல்லை. இயந்திரம் வரும் நாளை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு, அறுத்த கையோடு வைக்கோலைக் கட்டி வெளியேற்றி, ஈரம் இருக்கும்போதே உழாமல் விதைக்கும் கருவியால் வரிசையில் விதைக்கலாம். கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்தால் பூக்கும் சமயத்தில் ஒரே ஒரு தண்ணீர் விடுவதுகூட நெற்றின் எடையைக் கூட்டிவிடும். ஆனால் அறுவடை இயந்திரம் எந்த நாளில் வரும் என்பது தனி விவசாயியின் கையில் இல்லை. ஊர் சேர்ந்து பேசினால்தான் அது நடக்கும். மேட்டூர் அணை எப்போது திறக்கிறது, சம்பா எப்போது நடப்படுகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் தையில் பயறு விதைக்க நாள் மிஞ்சுமா என்று தீர்மானிக்கிறது. 2021 ஜனவரியில் பொங்கல் சமயத்தில் டெல்டாவில் பெய்த மழைபோல ஒன்று வந்துவிட்டால், எந்தத் தொழில்நுட்பமும் அந்த ஆண்டின் விதைப்பைக் காப்பாற்றாது. காப்பீடுதான் அங்கே பேச வேண்டும்.

வேர் முடிச்சில் ஒரு சோதனை

பயறு தன் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, தானே தேடிக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்கிறோம். தேடிக்கொள்கிறதா என்று பார்க்கிறவர்கள் குறைவு. இருபத்தைந்து, முப்பது நாள் செடி ஒன்றைக் கையால் பிடுங்காமல், மண்கட்டியோடு கொத்தி எடுத்துத் தண்ணீரில் அலச வேண்டும். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வேரில் கடுகு, மிளகு அளவில் ஒட்டியிருக்கும் முடிச்சுகளை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அந்தச் சிவப்பு இருந்தால் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வெளுத்தோ பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் அது வேலை செய்யாத முடிச்சு.

முடிச்சு இல்லாத வயலில் பெரும்பாலும் காரணம் விதைநேர்த்தியில் இருக்கும். ஏக்கர் விதைக்கு, வேர் முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் பாக்டீரியாவின் 200 கிராம் பொட்டலம் ஒன்றும், மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியா பொட்டலம் ஒன்றும் ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதைத்தால் போதும். செலவென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு இடத்தில் பிசகு நேர்கிறது. கஞ்சி சூடாக இருக்கும்போதே பொட்டலத்தைக் கொட்டுவது ஒன்று. பூஞ்சணக்கொல்லி மருந்தையும் ரைசோபியத்தையும் ஒன்றாகக் கலப்பது மற்றொன்று. இரண்டிலும் பாக்டீரியா செத்துவிடும். விவசாயி 'உயிர் உரம் பலிக்கவில்லை' என்று முடிவுகட்டி மறு ஆண்டு விட்டுவிடுவார். மருந்து கலக்க வேண்டுமானால் அதை ஒரு நாள் முன்பே முடித்து, 24 மணி நேரம் கழித்துத்தான் ரைசோபியத்துக்குப் போக வேண்டும். மருந்துக்குப் பதிலாக ட்ரைகோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கிலோ விதைக்கு 4 கிராம் என்று கலந்தால் வேரழுகலும் கட்டுப்படும், இந்தத் தொல்லையும் இல்லை.

யூரியாவை இங்கே அள்ளிப் போட வேண்டாம். தழைச்சத்து மண்ணில் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சுக்குச் சாப்பாடு போடாது; இலைதான் தழைக்கும். இந்தப் பயிர் முக்கியமாகக் கேட்பது மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) கந்தகத்தையும்தான். அடியுரம் போட வாய்ப்புள்ள மானாவாரியிலும் இறவையிலும் மண் பரிசோதனைப்படி அவற்றைக் கொடுத்துவிட வேண்டும்.

பூவைக் காயாக்குவது

துவரையில் பூக்கும் பூக்களில் பத்தில் எட்டு, ஒன்பது உதிர்ந்துவிடும். உளுந்திலும் பச்சைப்பயறிலும் உதிர்வு பெரிதுதான். செடி பூத்துக் குலுங்குவதைப் பார்த்து வருமானக் கணக்குப் போட்டவர்கள் காயெண்ணிக்கை பார்த்து ஏமாந்துபோவதற்கு இதுதான் காரணம்.

ஏன் உதிர்கிறது? பயறு விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். அதைக் கட்ட ஏராளமான தழைச்சத்து ஒரே சமயத்தில் வேண்டும். ஆனால் காய் பிடிக்கிற அந்த நேரத்தில்தான் வேர் முடிச்சுகள் ஓயத் தொடங்குகின்றன. மேல்மண் காய்ந்து வேரும் சத்தை இழுக்கத் திணறுகிறது. செடி தன் இலையிலுள்ள சத்தையே பிடுங்கிக் காய்க்கு அனுப்புகிறது, இலை பழுக்கிறது, எல்லாப் பூவுக்கும் சோறு போட முடியாமல் மிச்சத்தை உதிர்த்துவிடுகிறது. நெல் தரிசில் அடியுரமே போட வழியில்லை என்பதால் அங்கே இது இன்னும் கடுமை.

ஆகவே அந்த நேரத்தில் வேர் வழியே கொடுக்க முடியாததை இலை வழியே கொடுக்கிறார்கள். இரண்டு சத டி.ஏ.பி. (டை அமோனியம் பாஸ்பேட் உரம்) கரைசல் பழைய முறை; இன்றும் பலன் தருவது. ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முந்தின நாள் மாலையே பத்து லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டு அவ்வப்போது கிளறிவிட வேண்டும். மறுநாள் அடியில் கசடு தங்கி மேலே தெளிநீர் நிற்கும். அதை மட்டும் துணியில் வடிகட்டி எடுத்து, மொத்தம் 200 லிட்டர் ஆகும்படித் தண்ணீர் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் மேலும் கீழும் நனையத் தெளிக்க வேண்டும். பூக்கத் தொடங்கும்போது ஒரு தடவை, பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. ஊறவைக்கப் பொறுமையில்லாமல் அன்று காலையே கரைத்து ஊற்றினால் கசடு விசைத்தெளிப்பானின் முனையை அடைத்துவிடும், பாதிச் சத்து கசடோடு போய்விடும்.

இதற்கு மாற்றாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 'பயறு ஒண்டர்' என்ற கலவையை உருவாக்கியிருக்கிறது. சத்துகளும் வளர்ச்சி ஊக்கியும் சேர்ந்தது. ஏக்கருக்கு 2 கிலோவை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பூத்துக் குலுங்கும் சமயத்தில் தெளிக்க வேண்டும். பூ உதிர்வு குறைந்து விளைச்சல் 20 விழுக்காடுவரை கூடும் என்கிறது பல்கலைக்கழகம். எதைத் தெளித்தாலும் நாள் முக்கியம். பூ முடிந்து காய் முற்றியபின் தெளித்தால் செலவுதான் மிச்சம். தெளிக்க ஆள் கிடைக்காமல் நாள் தள்ளிப்போவது இப்போது பெரிய பிரச்சினை. ட்ரோன் வாடகைக்குக் கிடைக்கும் ஊர்களில் அதைப் பயன்படுத்துவதில் தயங்கத் தேவையில்லை.

மஞ்சள் தேமல்

உளுந்து வயலில் ஆங்காங்கே இலை மஞ்சள் பூத்து நிற்பதை எளிதாக அடையாளம் காணலாம். இது வைரஸ் நோய்; பரப்புவது வெள்ளை ஈ. நோய் வந்த செடிக்கு மருந்து கிடையாது. மருந்துக் கடையில் கொடுப்பதெல்லாம் ஈயைக் கொல்வதற்குத்தான். ஈ ஏற்கெனவே பக்கத்துச் செடிக்குப் போயிருக்கும். ஆகவே நோய் தாங்கும் ரகமே முதல் காவல். முதல் மூன்று, நான்கு வாரத்துக்குள் கண்ணில் படும் மஞ்சள் செடியைக் கூசாமல் பிடுங்கி அழிக்க வேண்டும். ஏக்கருக்கு நாலைந்து மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கலாம். வயலோரத்தில் இரண்டு, மூன்று வரிசை மக்காச்சோளமோ சோளமோ விதைத்தால் ஈயின் வரத்து ஓரளவு தடுக்கப்படும். கோடைப் பட்டத்தில் இந்த ஈ அதிகம் என்பதால் அப்போது கூடுதல் கண் வேண்டும்.

இதிலும் ஊர் சேராமல் வேலை நடக்காது. ஒருவர் முன்பட்டம், ஒருவர் பின்பட்டம் என்று விதைத்தால் ஈக்கு ஆண்டு முழுக்கப் பந்தி நடக்கும். சென்னை தரமணியில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊரையே ஓர் அலகாகக் கொண்டு பயறு சாகுபடியை முன்னெடுத்தது. அந்த அணுகுமுறைதான் சரி என்பேன். தனித்தனி விவசாயிக்குத் தனித்தனியாக அறிவுரை சொல்வதால் வெள்ளை ஈயை வெல்ல முடியாது.

துவரையை நடலாமா?

நடலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் இது புதிதுமில்லை. மழை தாமதமானால் ஆடிப் பட்டத்துத் துவரைக்கு வளர நாள் போதாது. அதனால் விதையைச் சிறு பாலித்தீன் பைகளில் ஊன்றி முப்பது, நாற்பது நாள் வளர்த்து, மழை வந்ததும் வயலில் நடுகிறார்கள். ஐந்தடிக்கு மூன்றடி இடைவெளியில் ஏக்கருக்கு 2,900 செடி. நட்ட மூன்று, நான்கு வாரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். கிளைக்குக் கிளை காய். நேரடி விதைப்பைவிட விளைச்சல் கணிசமாகக் கூடும். இடையில் நிலக்கடலையோ உளுந்தோ ஊடுபயிராக எடுத்துக்கொள்ளலாம். பைக்கும் நடவுக்கும் கூலி ஆகும் என்பது உண்மை. மானிய உதவி இல்லாமல் சிறு விவசாயி துணிவது கடினம். காய்ப்புழுவையும் விடாமல் கவனிக்க வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறி, பறவைகள் உட்கார டி வடிவக் குச்சிகள், வேப்பங்கொட்டைச் சாறு ஆகியவற்றை முதலில் பயன்படுத்திவிட்டுத்தான் மருந்துக்குப் போக வேண்டும்.

விளைந்தபின் என்ன ஆகிறது

இங்கேதான் வருமானக் கணக்கு வருகிறது. 2025-26க்கு உளுந்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். பச்சைப்பயறுக்கு 8,768, துவரைக்கு 8,000. உளுந்துக்கான உற்பத்திச் செலவு குவிண்டாலுக்கு 5,114 ரூபாய் என்று மத்திய அரசு கணக்கிட்டிருக்கிறது.

ஆனால் செலவு ஏக்கருக்குத்தான் ஆகிறது, குவிண்டாலுக்கு ஆவதில்லை. ஓர் ஏக்கருக்கு 12,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குவிண்டால் எடுத்தவருக்கு ஒவ்வொரு குவிண்டாலின் அடக்கம் 6,000 ரூபாய். ஆதரவு விலை கிடைத்தாலும் ஏக்கருக்கு 3,600தான் மிஞ்சும். அதே வயலில் நல்ல விதை, ரைசோபியம், இரண்டு தெளிப்பு என்று இன்னும் 2,000 செலவழித்து மூன்றரை குவிண்டால் எடுத்தவருக்கு அடக்கம் 4,000, மிச்சம் 13,300. விளைச்சல் ஒன்றேமுக்கால் மடங்கு ஆனால் மிச்சம் மூன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. சாகுபடி முறையைத் திருத்தச் சொல்வதற்கு இதைவிட வேறு நியாயம் தேவையில்லை.

அந்த மிச்சம் கைக்கு வருவது காயவைப்பதில் இருக்கிறது. அரசுக் கொள்முதலில் ஈரப்பதம் 12 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வீட்டில் சேமிக்க 10 விழுக்காட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பல்லில் கடித்தால் உளுந்து நசுங்காமல் 'டக்'கென்று உடைய வேண்டும் என்பது களத்துமேட்டுக் கணக்கு. தார்ச்சாலையில் பரப்பிக் காயவைத்தால் கல்லும் மண்ணும் சேர்ந்து தரம் குறைகிறது; வியாபாரி அதைக் காட்டியே விலையை அடிக்கிறார். ஊருக்கு ஒரு சிமெண்ட் களமும் நாலு தார்ப்பாயும் இருந்தால் இந்த இழப்பு நிற்கும். பயறு வண்டு வயலிலேயே காயின்மேல் முட்டை வைத்துவிட்டு வருகிறது. சாக்கில் கட்டிய சில வாரத்தில் உள்ளே மாவாகக் கொட்டும். நம் பெண்கள் துவரைக்குச் செம்மண் கட்டி வெயிலில் காயவைத்ததும், உடைத்துப் பருப்பாக்கி வைத்ததும் இதை அறிந்துதான். உடைத்த பருப்பில் அந்த வண்டு அவ்வளவாக ஏறுவதில்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஒரு சிறு பருப்பு உடைக்கும் இயந்திரம் போட்டால், இருப்பும் காக்கப்படும், பயறாக விற்பதைவிடப் பருப்பாக விற்ற விலையும் கிடைக்கும். சென்னையின் மாவுக் கடைகளும் ஓட்டல்களும் அவர்களிடம் நேரடியாக வாங்கலாம். எட்டு மணி நேரப் பயணத்துக்குள் விளையும் உளுந்துக்கு யாங்கோனை எதிர்பார்க்கத் தேவையில்லை.

ஆனாலும் விலை மீதான பயம் நீங்காமல் எந்த விவசாயியும் முழு மனத்தோடு செலவழிக்க மாட்டார். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2015இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. நல்ல விலை என்று நம்பி நாடு முழுவதும் விதைத்தார்கள். 163 லட்சம் டன்னாக இருந்த பயறு உற்பத்தி 2016-17இல் 231 லட்சம் டன்னாகத் தாவியது. அதே ஆண்டில் 66 லட்சம் டன் இறக்குமதியும் வந்து குவிந்தது. விலை ஆதரவு விலைக்குக் கீழே சரிந்தது. 2017 ஆகஸ்டில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டார்கள்; 2021 மே மாதம் துவரைக்கும் உளுந்துக்கும் அதைத் தளர்த்தித் திறந்துவிட்டார்கள். நகரத்தில் விலை ஏறினால் கப்பலைக் கூப்பிடுவதும், கிராமத்தில் விலை விழுந்தால் தாமதமாக யோசிப்பதும் தொடர்ந்தால், பயறு மறுபடியும் தெளித்துவிட்டுப் போகிற பயிராகத்தான் இருக்கும். சென்னையில் பருப்பு வாங்கும் நமக்கும் இதில் பங்குண்டு. விலை ஏறும்போது எழும் நம் குரல் அரசுக்கு உடனே கேட்கிறது. களத்துமேட்டுக் குரல் அவ்வளவு சீக்கிரம் கேட்பதில்லை.

புதிய இயக்கத்தின்கீழ், பதிவு செய்த விவசாயிகள் கொண்டுவரும் துவரை, உளுந்து, மசூர்ப் பருப்பு முழுவதையும் நான்கு ஆண்டுகளுக்கு ஆதரவு விலையில் கொள்முதல் செய்வதாக மத்திய அரசு சொல்லியிருக்கிறது. இது நடந்தால் பெரிய மாற்றம். ஆனால் நெல் தரிசுப் பயறு பங்குனி, சித்திரையில் களத்துக்கு வந்துவிடும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கொள்முதல் அதற்கு முன்பே தொடங்க வேண்டும். கடனும் கோடைமழைப் பயமும் துரத்த, பத்து நாள் தாமதமானாலே பாதி உளுந்து தரகர் வண்டியில் ஏறிவிடும். இன்னொரு முட்டுக்கட்டை காகிதத்தில் இருக்கிறது. பதிவுக்குச் சிட்டா, அடங்கல் என்ற நில, சாகுபடி ஆவணங்கள் வேண்டும். டெல்டாவில் கோயில் நிலத்தையும் தனியார் நிலத்தையும் வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர்கள் பலரிடம் அவை இல்லை. மெழுகு பதம் பார்த்து விதைத்தவரும், ஊறவைத்த டி.ஏ.பி.யை விடியலில் வடிகட்டியவரும் அவர்தான்; ஆதரவு விலை போய்ச் சேருவது பட்டா வைத்திருப்பவர் பெயருக்கு. குத்தகைதாரரின் சாகுபடியைக் கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்துச் சான்று கொடுத்தாலே கொள்முதலுக்குப் போதும் என்று, இந்த மார்கழிக்குள், விதைப்புக்கு முன்பாகவே, சேப்பாக்கத்து அரசு அலுவலகங்களிலிருந்து ஓர் உத்தரவு போக வேண்டும்.